தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் நீல அட்டையும்

இருளாயி பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காய்ச்சல் என்று வேலை வாங்கும் தண்டலிடம் சொல்லிவிட்டுக் கோப்பெங் சந்தைக்குப் போய் வளையல் வாங்கி வந்தவள்தான். ஆனால் 1976ஆம் வருஷம் மார்ச் மாதம் மலேசியாவின் ஈப்போ பதிவு அலுவலகத்தின் முகப்பில் நின்றபோது, அவள் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அன்றைக்கு அந்த உண்மைதான் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

மகள் நவமணிக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. பன்னிரண்டு முடிந்தால் அடையாள அட்டை எடுத்தாக வேண்டும். ஐசி என்றால்தான் தோட்டத்தில் எல்லாருக்கும் புரியும். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், தங்கியிருக்க மட்டும் அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. நீலம் என்றால் கவலையில்லாத சோறு, சிவப்பு என்றால் பெர்மிட்டுக்கு அலைச்சல், இரண்டும் இல்லையென்றால் எந்த நேரமும் இந்தியாவுக்குக் கப்பல். இருளாயியும் அவள் புருஷன் பத்துமலையும் நீலம். அதனால் மகளுக்கும் நீலம்தான் என்று வெற்றிலை போட்டுக்கொண்டு நிம்மதியாக பஸ் ஏறி வந்திருந்தாள்.

முகப்பில் இருந்த குமாஸ்தா ஜெயபாலன் தமிழன். பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தான், இருளாயியின் ஐசியைப் பார்த்தான், மறுபடியும் பத்திரத்தைப் பார்த்தான்.

"அக்கா, இதுல வேற பேரு இருக்குலா. அப்பா சீனி, அம்மா நல்லம்மாள்னு போட்டிருக்கு. நீங்க இருளாயி."

"புள்ள என் புள்ளதான் தம்பி. தவுட்டுக்கு வித்தோம். அதுல அப்படி எழுதிட்டாங்க."

ஜெயபாலன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அத இங்க சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

தவிட்டுக்கு விற்பது தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிறந்த பிள்ளைகள் வரிசையாகச் செத்தால், அடுத்து பிறப்பதைப் பெற்றவள் வைத்துக்கொள்ளக் கூடாது. முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிட வேண்டும். வேறொருத்தி வந்து ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். இது இன்னார் பிள்ளை என்று தெரியாமல் எமன் தேடித் தேடிக் களைத்துப் போவான். பிள்ளை பெற்றவள் வீட்டிலேயே வளரும். இருளாயிக்கு முதல் இரண்டும் ஆறு மாதம் தாண்டவில்லை. மூன்றாவதாக நவமணி பிறந்தபோது, கல்லாற்றுத் தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக்காரியான நல்லம்மாள் தவிடு கொடுத்து வாங்கினாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. ஆசையாக வாங்கினாள்.

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பத்துமலை கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறவன். எமனும் ஏடு வைத்திருக்கிறவன்தானே, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஏட்டில் இருளாயி என்று எழுதினால் அவன் பார்த்துவிட மாட்டானா என்று அவனுக்குத் தோன்றியது. கிராணியிடம் போய் அப்பன் சீனி, ஆத்தாள் நல்லம்மாள் என்று எழுதச் சொன்னான். கிராணியும் யார் பெற்றால் என்ன என்று எழுதிக் கொடுத்துவிட்டார். காவல் நிலையத்தில் அப்படியே பதிந்தார்கள். எமன் ஏமாந்தானோ இல்லையோ, பன்னிரண்டு வருஷம் கழித்து அரசாங்கம் ஏமாறவில்லை.

சீனியும் நல்லம்மாளும் இப்போது தோட்டத்தில் இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். சுதந்திரம் வந்த புதிதில் தொழிற்சங்கத்துக்காரர்கள் லாரி கொண்டுவந்து, குடியுரிமைக்கு எழுதிக்கொள்ள வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். பத்துமலை ஏறினான். சீனி ஏறவில்லை. ஊருக்குப் போகத்தானே போகிறோம், நீலமாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன என்றான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று முப்பது வருஷம் நின்றவன் அவன். எழுபதில் சிவப்பு ஐசிக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. சீனியின் மனு தள்ளுபடியானது. ஆள் வேண்டும் என்றபோது கப்பல் கப்பலாக ஏற்றி வந்தது ஒரு அரசாங்கம், காகிதம் எங்கே என்று கேட்டது இன்னொரு அரசாங்கம். நடுவில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவன் இரண்டுக்கும் வேண்டாதவன். புருஷனும் பெண்டாட்டியும் பினாங்கில் கப்பலேறி, தஞ்சாவூர்ப் பக்கம் சீனியின் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"பைல்ல எல்லாம் இருக்கு அக்கா" என்றான் ஜெயபாலன். "அப்பா அம்மா எழுபதுலயே ஊருக்குப் போயிட்டாங்க. புள்ள மட்டும் ஏன் இங்க இருக்குன்னு பெரிய அதிகாரி துவான் கேப்பாரு. இப்ப என்ன நடக்குதுன்னா, போனவங்களோட புள்ளைங்க பத்திரத்த வாங்கி, ஊர்லேருந்து புதுசா வந்தவங்க தங்களோடதுன்னு காட்டுறாங்க. இதையும் அப்படித்தான் நெனப்பாங்க."

"நான் பெத்தவ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"பொய்யா பதிஞ்சது குத்தம். கோர்ட்டுக்குப் போவும். அது முடியிறவரைக்கும் புள்ளைக்கு ஒரு காகிதமும் இருக்காது. பத்திரத்துல பேரு இருக்கிற அம்மா நேர்ல வந்து, என் மகதான்னு சொன்னா முடிஞ்சு போச்சு. அவங்க வருவாங்களா?"

நவமணி மரப்பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் இருந்த மலாய் அறிவிப்பைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையை ஊரறிய வளர்த்துவிட்டு, அது என்னுடையது என்று சொன்னால் பிள்ளை போய்விடும் என்றால், இருளாயி யாரிடம் போய் முட்டிக்கொள்வது.

கடிதம் போயிற்று. நல்லம்மாளின் பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. சீனி செத்து நாலு வருஷம் ஆகிவிட்டதாம். கொழுந்தன் வீட்டில் மாட்டுக்கொட்டகை ஓரமாகப் படுக்கிறாளாம். அந்த ஊரில் அவளுக்குப் பெயரே பினாங்குக்காரிதானாம். வருகிறேன், ஆனால் திருப்பி அனுப்பிவிடாதே இருளாயி என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியைப் பத்துமலை இரண்டு தடவை படித்துக் காட்டினான். டிக்கெட்டும் அனுப்பினான்.

ஜூலையில் பினாங்கில் வந்து இறங்கியவளைக் குடிநுழைவு அதிகாரிகள் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்த வருஷங்களில் சுற்றிப் பார்க்க வந்தோம் என்று இறங்கியவர்களில் பல பேர் தோட்டங்களுக்குள் புகுந்து மறைந்துபோனார்கள். தெலுக் இந்தான் பக்கம் சுமத்ராவிலிருந்து படகில் வந்து கரையேறியவர்கள் வேறு. ஒரு வாசலை அடைத்தால் ஜனம் அடுத்த வாசலைத் தேடும், அரசாங்கம் அங்கேயும் ஆளை நிறுத்தும். நல்லம்மாளின் கையில் ஒரு மாதப் பாஸைக் குத்திக் கொடுத்தார்கள். முப்பது வருஷம் இந்த மண்ணில் மரம் வெட்டியவளுக்கு முப்பது நாள்.

எலும்பும் தோலுமாக வந்தாள். வந்தவுடன் அவள் கேட்டது கோப்பி. மறுநாள் விடிந்ததும் தான் வெட்டிய மர வரிசையை, தன் பழைய நிறையைப் பார்க்கக் காட்டுக்குள் போனாள். அங்கே ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டிருந்தார்கள். திரும்பி வந்து, "எல்லாத்தயும் மாத்திப்புட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

விசாரணைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு இருபத்தோரு நாள் இருந்தது. துவான் பிள்ளையையும் கேட்பார், தடுமாறக் கூடாது என்று ஜெயபாலன் எச்சரித்திருந்தான். அதனால் அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். இதுவரை பெரியம்மா என்று கூப்பிட்ட நல்லம்மாளை நவமணி அம்மா என்று கூப்பிட வேண்டும். இருளாயியை அத்தை என்று கூப்பிட வேண்டும். சட்டம் போட்டவளே இருளாயிதான்.

முதல் நாள் பிள்ளை சிரித்தது. இரண்டாம் நாள் மறந்துபோய் அம்மா சோறு போடு என்றது. இருளாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தைன்னு சொன்னாத்தான் சோறு" என்றாள். பிள்ளை அழுதுகொண்டே சொன்னது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பிள்ளைகளுக்கு எதுவும் பழகிவிடும், பெற்றவளுக்குத்தான் பழகாது.

நல்லம்மாள் பிள்ளைக்குத் தலைவாரினாள், பள்ளிக்கூடத்துக்குக் கூடவே நடந்தாள், ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சதை பிடித்தது. அம்மா என்ற சத்தம் கேட்டதும், அடுப்படியில் நிற்கும் இருளாயியின் தலை தானாகத் திரும்பும். திரும்பிப் பார்த்தால் நல்லம்மாள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். இருளாயிக்கு வயிறு எரிந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமோ என்று பத்துமலையிடம் முணுமுணுத்தாள். அவன் கடிதத்தை எடுத்து அதன் கடைசி வரியை மறுபடி படித்துக் காட்டினான்.

விசாரணை நாள் வந்தது. நடு மேசையில் துவான், பக்கத்தில் மொழிபெயர்க்க ஜெயபாலன். எதிரே நல்லம்மாளும் நவமணியும். சுவர் ஓரமாகத் தனி நாற்காலியில் இருளாயி. துவான் கோபக்காரர் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

உன் அம்மா யார் என்று பிள்ளையை மலாயில் கேட்டார். நவமணி ஒரு கணம்கூடத் தயங்காமல் நல்லம்மாளின் கையைப் பிடித்தாள். அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள் இருளாயி.

பிறகு நல்லம்மாளிடம் வந்தார். எங்கே பிறந்தாள், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள்?

நல்லம்மாள் ஒன்றையும் கற்பனை செய்யவில்லை. அவள் கூடவே இருந்தவள்.

"ரப்பர் பால ஸ்டோர்ல நிறுத்துட்டு வரும்போதே வலி வந்துருச்சு துவான். மத்தியானம் ஒரு மணி இருக்கும். நல்ல மழை. வாளியப் போட்டுட்டு வேலியப் புடிச்சுக்கிட்டே வந்தேன். ராக்காயிதான் மருத்துவச்சி. வெளக்கு வைக்கிற நேரத்துக்குப் புள்ள பொறந்துச்சு. அழவே இல்ல, தண்ணி தெளிச்சாங்க, அப்புறந்தான் அழுதுச்சு."

அது இருளாயியின் வலி. அவள் பிடித்த வேலி. சுவரோரம் உட்கார்ந்து தன் பிரசவத்தை இன்னொருத்தி வாயால் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயபாலன் சொல்லச் சொல்ல துவான் எழுதினார்.

வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

"முன்னாடி ரெண்டு" என்றாள் நல்லம்மாள். "ரெண்டும் செத்துப் போச்சு. மூத்தது பையன்."

இருளாயி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். இருக்கிற பிள்ளையைக் கொடுத்தாகிவிட்டது. செத்த பிள்ளைகளையுமா கொடுக்க வேண்டும்? அந்தப் பையனைப் புதைத்த இடத்தில் இன்றைக்கும் மழை பெய்தால் போய் நிற்கிறவள் அவள்.

துவான் பேனாவை மூடினார். அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். ஜெயபாலன் தமிழில் சொன்னான். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"அக்கா, நீங்க யாருன்னு கேக்குறாரு. இந்தப் புள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

நவமணி திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. இருளாயி மறுபடியும் உட்கார்ந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரி" என்றாள்.

"ஜிரான்" என்று ஜெயபாலன் மலாயில் சொன்னான். துவான் அதையும் எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

கண்டம் தாண்டிவிட்டது என்று இருளாயி மூச்சு விடுவதற்குள் துவான் இன்னொன்று சொன்னார். பிள்ளை இங்கே பிறந்தது சரி, நீல ஐசி கொடுக்கலாம். ஆனால் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுதான் ஆகிறது, அம்மா இருப்பதோ இந்தியாவில். இந்தப் பிள்ளை யார் பொறுப்பு? இரண்டு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியைப் பாதுகாவலர் என்று அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம். இல்லையென்றால், குடியுரிமை உள்ள பிள்ளையின் தாய் என்று சொல்லி, கூடவே தங்குவதற்கு நீண்ட காலப் பாஸ் கேட்டு மனு போடலாம். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, இரண்டு மணிக்கு வந்து பதில் சொல்லுங்கள்.

எதிர்ச் சாரியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய மாமாக் கடையில் உட்கார்ந்தார்கள். பிள்ளை மட்டும் மீகோரேங் சாப்பிட்டது. ஜெயபாலன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"மனு போட்டா கெடைக்குமா தம்பி?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"கெடைச்சாலும் கெடைக்கும். தள்ளிட்டா, அம்மா போற எடத்துக்குப் புள்ளையும்னு எழுதிடுவாங்க. இப்ப எல்லாத்தயும் இறுக்கிட்டாங்கலா." சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

நல்லம்மாள் கோப்பியைத் தொடவில்லை. "இருளாயி, எனக்கு அங்க யாரும் இல்லடி. நான் செத்தா தூக்கிப் போட ஆள் தேடணும். இங்க ஒரு மூல கெடைச்சாப் போதும். மனு கெடைச்சிட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு? ஒரே லயத்துலதான இருப்போம்."

"கெடைக்காட்டி?"

நல்லம்மாள் பிள்ளையின் தட்டைப் பார்த்தாள்.

"கெடைக்காட்டி ரெண்டு பேரும் கப்பல்ல போவீங்க அக்கா" என்றாள் இருளாயி. "நான் கரையில நிப்பேன். பக்கத்து வீட்டுக்காரின்னு கைநாட்டு வச்சாச்சு. இனிமே எந்த ஆபீசுல போயி நான் அழுவ முடியும்?"

இன்னும் என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. காலில் விழலாம். வந்த வழியே போய்விடு என்று திட்டலாம். ஆனால் எதிரே இருப்பவள் மாட்டுக்கொட்டகைக்குத் திரும்ப வேண்டியவள். தன் பிள்ளைக்காக இன்னொருத்தியை அங்கே தள்ளுகிறோம் என்பது இருளாயிக்குத் தெரிந்தே இருந்தது. அது தெரிந்தும் போய்விட வேண்டுமே, போய்விட வேண்டுமே என்றுதான் அவள் மனசு அடித்துக்கொண்டது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாளே தவிர வேண்டுதலை நிறுத்தவில்லை.

இரண்டு மணிக்கு மறுபடி அதே நாற்காலிகள். துவான் இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். ஒன்று பாதுகாவலர் பத்திரம், இன்னொன்று மனு. நல்லம்மாள் இரண்டையும் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள். நவமணி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். இருளாயி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது தம்பி அவளுக்குக் குடுக்குற தாளு?"

ஜெயபாலன் பாதுகாவலர் பத்திரத்தைக் காட்டினான். நல்லம்மாள் மையில் கட்டைவிரலை வைத்து அந்தத் தாளில் அழுத்தினாள். ஒரு தடவை பதியவில்லை. மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல். துவான் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். அதையும் வைத்தாள்.

படியிறங்கி வெளியே வந்ததும் இருளாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாத புள்ள" என்றாள் நல்லம்மாள். "எமன ஏமாத்தத்தான் நான் தவுடு குடுத்தேன். ஒன்னைய ஏமாத்த இல்ல. ஒரு கோப்பி வாங்கிக் குடு, அங்க ஒன்னும் குடிக்கல."

ஏழு நாள் கழித்துப் பினாங்குத் துறைமுகம். பாஸில் இன்னும் ஒரு நாள் இருந்தது, ஆனால் கப்பல் அன்றைக்குத்தான். ஒரு தகரப் பெட்டி, ஒரு பொட்டலம் கோப்பித்தூள், இருளாயி வாங்கிக் கொடுத்த இரண்டு சேலைகள். குடிநுழைவு மேசையில் பாஸை வாங்கிப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், போகச் சொன்னார்கள். வரும்போது மூன்று மணி நேரம் விசாரித்தவர்களுக்குப் போகும்போது மூன்று நிமிஷம் போதுமாக இருந்தது.

நல்லம்மாள் கூட்டத்தோடு கூட்டமாக ஏணியில் ஏறினாள். மேல்தட்டில் போய் நின்று கரையில் இவர்களைத் தேடினாள். ஐசி கிடைத்துவிட்டது, இனிப் பழையபடி கூப்பிடலாம் என்று பஸ்ஸிலேயே பிள்ளைக்குச் சொல்லியிருந்தார்கள். நவமணி இருளாயியின் இடுப்போடு ஒட்டி நின்று, "அம்மா, பெரியம்மா எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

அந்த வார்த்தைக்காக இருளாயி இத்தனை நாள் செத்துப் பிழைத்திருந்தாள். பக்கத்தில் துவான் இல்லை, ஜெயபாலன் இல்லை, எழுதிக்கொள்ள ஒருவரும் இல்லை. நங்கூரச் சங்கிலி ஏறுகிற சத்தத்தில் இவர்கள் பேச்சு அடுத்த ஆளுக்குக்கூடக் கேட்காது.

பிள்ளையைத் தூக்க முடியாத வயதிலும் தூக்கி, கம்பிமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தா பாரு, பச்சச் சேல" என்றாள் இருளாயி. "ஒங்கம்மாவுக்குக் கையக் காட்டு."